பத்தொன்பது அங்குல ரிம்

எங்கள் கார் நான்கு மரக்கட்டைகளின் மேல் நின்றது. நாட்டை விட்டுப் போன தோட்டத்துப் பெரிய துரை, தன் பங்களாக் கராஜில் வருஷக்கணக்காகக் கிடந்ததை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் அந்தத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். தன் சேவையை மெச்சித் துரை கொடுத்தது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். துரை மெச்சினாரோ, குப்பையைக் கழித்தாரோ, எனக்குத் தெரியாது. கார் வந்து சேர்ந்த அன்றைக்கு அதன் டயர்கள் நான்கும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. அதை மட்டும் என் கண்ணால் பார்த்தேன்.

இது எழுபதுகளின் நடுவில் நடந்தது. இலங்கையில், பதுளைப் பக்கம், நமுனுகுல மலைக்குப் பின்பக்கத்துத் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. காருக்கு அப்போதே நாற்பது வயதுக்கு மேல். முன்னால் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். பின்னால் இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். உடம்புதான் சின்னது, சக்கரம் உயரம். சைக்கிள் சக்கரத்தில் இருப்பதுபோலக் கம்பிகள், அதன் மேல் ஒல்லியான டயர்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், காரின் சொந்தக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எனக்குத் தெரியும். என் அப்பா கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் லொறி டிரைவராக இருந்தவர். ஆண்பிள்ளை இல்லாத குறையை என்னை வைத்துத் தீர்த்துக்கொண்டார். பத்தொன்பது வயதில் எனக்குப் பதுளையில் லைசன்ஸ் எடுத்துக் கொடுத்தார். பெண் பார்க்க வந்தபோது வீட்டில் அதை அமுக்கிவிட்டார்கள். கல்யாணமாகி மூன்றாம் மாதம் என் பெட்டியிலிருந்து அந்த லைசன்ஸ் கீழே விழுந்தது. என் வீட்டுக்காரர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

கிளாக்கர் வீட்டுப் பெண்ணின் பாடு வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போகக் கூடாது. போனால் கூலியாட்களோடு கூட்டு சேர்ந்துவிட்டாள் என்பார்கள். பங்களாவுக்குக் கூப்பிட்டால்தான் போகலாம், கூப்பிடவும் மாட்டார்கள். மிச்சம் இருந்தது, தேயிலை ஆலையான ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் வீடு ஒன்றுதான். டீமேக்கர் சம்சாரத்துக்கும் எனக்கும் ஒரு சேலை விஷயத்தில் பேச்சு நின்றுபோயிருந்தது. தப்பு யார் பக்கம் என்று இப்போது கேட்டாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆக, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் தப்படிக்கிற சத்தத்திலிருந்து சாயங்காலம் ஸ்டோரில் சங்கு ஊதுகிற வரைக்கும் நான், நாலு சுவர், ஒரு அடுப்பு. நாலு வருஷமாகியும் பிள்ளை இல்லை. அதை விசாரிக்க மட்டும் எல்லாரும் வீடு தேடி வந்தார்கள். எனக்கு அந்த வீட்டில் மூச்சு முட்டியது. அதைச் சொல்ல வேறு அழகான வார்த்தை என்னிடம் இல்லை.

அப்படி இருக்கிறபோதுதான் பதுளையிலிருந்து கடிதம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் டைப்ரைட்டிங் படித்த வகுப்பின் டீச்சர் எழுதியிருந்தார். ஆபீசுக்குப் போகிறவர்களுக்காகக் காலை ஏழரை மணிக்கு ஒரு வகுப்பு நடக்கிறது, தனக்குக் கண் மங்கிவிட்டது, ஜனவரியிலிருந்து அந்த வகுப்பை நீ எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தார். அவரிடம் படித்தவர்களிலேயே கீ போர்டைப் பார்க்காமல் அடித்தவள் நான் ஒருத்திதான் என்றும் ஒரு வரி. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே வெட்கம். மாவு டின்னுக்கு அடியில் வைத்து, எடுத்து எடுத்துப் படித்தேன்.

வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் நிதானமாகப் படித்தார்.

"ஏழரைக்கு எப்படிப் போய்ச் சேருவே? பஸ்ஸு தோட்டத்துக் கேட்டுப் பக்கம் வர்றதே ஏழு மணிக்குத்தான். அதுவும் வந்தா உண்டு."

"டவுன்ல ரூம் எடுத்து இருக்கேங்க. சனிக்கெழமை வந்துர்றேன்."

"கிளாக்கர் பொண்டாட்டி டவுன்ல ரூம் எடுத்து இருக்கான்னு நாலு பேர் பேசணுமா?"

"அப்ப கார்ல போறேன்."

அந்த மாதம் எங்களைப் பார்க்க வந்திருந்த என் அப்பாவும் பக்கத்தில் இருந்தார். அப்பாவை வைத்துக்கொண்டு முடியாது என்று சொல்ல வீட்டுக்காரருக்குக் கூச்சம். "சரி, டயர் வந்து வண்டி ஓடட்டும். ஓடினா போகட்டும்" என்றார். அப்பா சந்தோஷமாக ஊருக்குப் போனார். அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் லேசில் கிடைக்காது, டயர் என்றால் பர்மிட் எழுதிக் காத்துக் கிடக்க வேண்டும், அதிலும் நாற்பது வருஷத்துப் பழைய சைஸ் என்றால் கேட்கவே வேண்டாம். இதெல்லாம் என் வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். டயர் அவருக்கு ஒரு நல்ல சாக்கு என்று எனக்குத் தோன்ற வெகு நாளாகிவிட்டது. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவைகூட என்னைக் கைநீட்டி அடித்ததில்லை. நாலு பேர் சிரித்துவிடுவார்களோ என்கிற பயம் மட்டும் அவருக்கு எப்போதும் உண்டு.

டயருக்கு எழுதுவதென்றால் சைஸ் வேண்டும். பழைய டயரின் பக்கவாட்டில் எழுத்து இருந்தது. 450 என்று தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குப் பிறகு வெடிப்பு. முதல் எண் டயரின் தடிமன், நாலரை அங்குலம். இரண்டாவது எண்தான் ரிம்மின் அளவு. அது தெரியாமல் எழுத முடியாது. ஆகவே அளப்பது என்று முடிவானது. வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து நாடா கொண்டுவந்தார். டயரைக் கழற்றிவிட்டு வெறும் சக்கரத்தை முற்றத்தில் படுக்கவைத்தோம். நாடாவின் ஒரு முனையை ரிம்மின் வெளி விளிம்பில் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். மறுமுனையை எதிர்ப்பக்க விளிம்புக்கு இழுத்துப் பார்த்தார். இருபதரை.

ரிம்மை அப்படி அளக்கக் கூடாது. டயரின் கம்பி உட்காருகிற இடம் விளிம்புக்கு உள்ளே, கொஞ்சம் பதிவாக இருக்கும். அங்கிருந்து அங்கே அளக்க வேண்டும். விளிம்பு என்பது டயர் வெளியே நழுவாமல் இருக்க எழுப்பிய வரம்பு, அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்பாவோடு எத்தனை டயர் கழற்றி மாட்டியிருக்கிறேன், இது எனக்குத் தெரியாதா? சொன்னேன்.

"உள்ளுக்கு அளக்கணுங்க. இது பத்தொம்பதாத்தான் இருக்கும்."

"ஆபீஸ்ல இருவது வருஷமா இண்டென்ட் எழுதறவன் நானு."

கொழும்புக்குச் சாமான் கேட்டு எழுதுகிற கடிதத்துக்குத் தோட்டத்தில் இண்டென்ட் என்று பெயர். அதில் ஒரு வழக்கம் உண்டு. பத்து மண்வெட்டி வேண்டுமென்றால் பதினைந்து என்று எழுத வேண்டும். கொழும்பில் உட்கார்ந்திருக்கிறவன் வெட்டிவிட்டுப் பத்து அனுப்புவான். அரை, கால் எதுவும் எழுதக் கூடாது. எழுதினால் அந்த அரையைத்தான் முதலில் வெட்டுவான். இருபது வருஷம் இப்படியே எழுதி எழுதி அவருக்குக் கை பழகிவிட்டது. இருபதரையைப் பார்த்தார், பேனாவை எடுத்தார், இருபத்தொன்று என்று எழுதினார். மண்வெட்டியை வெட்டலாம், டயரை எப்படி வெட்டுவான் என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்லிக் காட்டினால் கோபத்தில் கடிதத்தையே கிழித்துப் போட்டுவிடுவார், எதுவும் வராமல் போய்விடும் என்று பயம். தப்பான டயர் வருவதும் டயரே வராததும் ஒன்றுதான் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

ஏழு மாதம் போனது. நவம்பர் மழையில் டயர்கள் வந்தன. ஐந்து, சாக்குத் துணி சுற்றி, புத்தம் புதியவை. தோட்டத்து லொறிக்காரர் இறக்கிப் போட்டுவிட்டுப் போனார். வீட்டுக்காரர் வெற்றிலை வைத்து, கற்பூரம் கொளுத்தி, ஒரு டயரை எடுத்துச் சக்கரத்தின் மேல் வைத்தார். டயர் ஏற வேண்டுமென்றால் இரும்புப் பட்டை போட்டு நெம்பி, வியர்த்து விறுவிறுத்து ஏற்ற வேண்டும். இது குழந்தைக் கைக்குப் பெரியவள் வளையலைப் போட்டது மாதிரி சுற்றிலும் இடம் விட்டுக்கொண்டு கீழே போய் உட்கார்ந்தது. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. சிரித்து முடித்த பிறகு அடுக்களைக்குப் போய் அழுதேன். வகுப்பு தொடங்க ஆறு வாரம்தான் இருந்தது.

அவர் அந்த ஐந்து டயரையும் கராஜ் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். "இருவத்தொண்ணு ரிம் எங்கயாவது கெடைக்கும். பாப்போம்" என்றார். அவருக்கு அவசரமில்லை. பார்ப்போம் என்றால் அவர் அகராதியில் இரண்டு வருஷம். இதற்குள் டீச்சரிடமிருந்து இரண்டாவது கடிதமும் வந்துவிட்டது. ஜனவரி முதல் திங்கட்கிழமை ஏழரைக்கு நீ வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் பண்டாரவளையிலிருந்து ஒரு பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவளை வைத்துக்கொள்வேன், கோபித்துக்கொள்ளாதே என்று எழுதியிருந்தார்.

அன்றைக்கு ராத்திரிச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். "நாளைக்கு நீங்க பேங்குக்குப் பதுளைக்குப் போறீங்கள்ல? நானும் வர்றேன். அந்த அஞ்சு டயரையும் லொறியில ஏத்துங்க" என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, ஏன் என்று அவர் கேட்கவில்லை.

பதுளை பஜாரில் ஒரு இரும்புக் கடை. கடைக்காரர் முஸ்லிம், அண்ணன் என்கிற அர்த்தத்தில் எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்குப் பின்னால் பெரிய வளவு. பிரித்துப் போட்ட பழைய வண்டிகள், சக்கரங்கள், அச்சுகள். என் வீட்டுக்காரர் பேங்குக்குப் போய்விட்டு வந்து வாசலில் நின்றுகொண்டார். பழைய இரும்புக்குள் கால் வைப்பது கிளாக்கர் கௌரவத்துக்குக் குறைச்சல். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனேன். கம்பிச் சக்கரம் ஒன்றை அடையாளத்துக்குக் கொண்டு போயிருந்தேன். நானா அதைச் சுழற்றிப் பார்த்தார். நாடா கேட்டு வாங்கி, உள்பக்கமாக வைத்து அளந்தார்.

"பத்தொம்பது, தங்கச்சி."

எனக்கு வாசலைத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்தேன். அவர் எதிர்க் கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இந்த சைஸுக்குக் கார் டயர் இப்ப இந்த ஊர்ல இல்ல" என்றார் நானா. "மோட்டார் சைக்கிள் டயர் பத்தொம்பதுல இருக்கு. போட்டா ஏறும். ஆனா கார் பாரத்துக்கு ஒரு மழைகூடத் தாங்காது. வளைவுல வெடிச்சா நேரா பள்ளத்துக்குத்தான்."

அது வேண்டாம் என்றேன். செத்துப் போய் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுக்க முடியாது.

"அப்ப ரிம்ம மாத்துங்க. ஜீப் ரிம் இருக்கு, பதினாறு. அறுநூறு பதினாறு டயர், எங்கேயும் கெடைக்கும்."

ஜீப் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். உயரம் என் பழைய சக்கரத்துக்குச் சரியாக இருந்தது. தடிமன்தான் அதிகம், ஆறு அங்குலம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்பக்கம் சட்டத்தில் உரசும் என்று பார்த்தவுடனே தெரிந்தது. பதுளைக்குப் போகிற பசறைப் பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாக வேண்டும். ஒடிக்க முடியாவிட்டால் வளைவில் நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் போக வேண்டும். பின்னால் பஸ்ஸுக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்பான். பெண்பிள்ளை ஓட்டுகிறாள் பார் என்று ஜன்னலெல்லாம் தலை நீட்டும். அதுவும் வேண்டாம் என்றேன்.

மூன்றாவதாக ஒரு சின்ன வேனின் தகட்டுச் சக்கரம் காட்டினார். பதினாலு ரிம், ஐந்நூற்று இருபது டயர். நாட்டிலேயே செய்கிற டயர். பர்மிட்டும் வேண்டாம், ஏழு மாதமும் வேண்டாம். ஆணித் துவாரம் என் காருக்குப் பொருந்தாது, ஆனால் புதிதாகத் துளை போட்டுக் கொடுப்பதாகச் சொன்னார். நான் அங்கேயே ஒரு சிமெந்துப் பையைக் கிழித்துக் கணக்குப் போட்டேன். சக்கரம் சின்னதானால் வேகம் குறையும், இழுவை கூடும். வேகம் யாருக்கு வேண்டும்? பசறை ஏற்றத்தில் இழுத்தால் போதும். ஒல்லி டயர், ஸ்டியரிங் தாராளமாக ஒடியும். தேய்ந்தால் உடனே வேறு வாங்கலாம். எல்லாம் சரியாக வந்தது. எனக்கு அந்த வளவில் நின்றுகொண்டு பாட வேண்டும் போல இருந்தது. என் வாழ்க்கையில் எதையாவது நானே பார்த்து, நானே அளந்து, நானே இதுதான் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

இருபத்தொன்று டயர்களை நானா மாற்றாக எடுத்துக்கொண்டார். பதுளையில் சவம் ஏற்றுகிற பழைய வண்டி ஒன்று இருந்தது, அதற்கு அச்சாக அதே சைஸாம். என் வீட்டுக்காரர் கற்பூரம் காட்டிய டயர்கள் அதில் போய் ஏறின. அதைக் கேட்டு அவர் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது.

கிறிஸ்மஸ் லீவுக்குள் ஐந்து சக்கரமும் துளை போட்டு, டயர் மாட்டி வந்து சேர்ந்தன. நானும் லொறிக்காரரும் ஜாக்கி வைத்து, மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக உருவினோம். கார் தரையில் நின்றது. பார்க்கக் கண்றாவியாகத்தான் இருந்தது. மட்கார்டுக்குள் பாதி இடம் காலி.

"யானைக்கு ஆட்டுக் கால் வச்ச மாதிரி இருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

"நடந்தாச் சரிதானே" என்றேன்.

லொறிக்காரர் பிளக்கைத் துடைத்து, பெட்ரோல் ஊற்றி, நாலு தடவை ஹேண்டில் போட்டார். கார் இருமிக்கொண்டு எழுந்தது. ஸ்டோர் முற்றத்தில் மூன்று சுற்று ஓட்டினேன். முற்றம் கல் பதித்தது, மேடு பள்ளம் கிடையாது. ஸ்டியரிங் லேசாகச் சுற்றியது. டீமேக்கர் சம்சாரம் ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று நாலாவது சுற்றும் ஓட்டினேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கே புறப்பட்டேன். நல்ல பனிமூட்டம். நீலச் சேலை, ஒரு சோற்றுப் பார்சல், டைப்ரைட்டருக்கு இரண்டு புது ரிப்பன் சுருள். வீட்டுக்காரர் தூங்குகிற மாதிரி படுத்திருந்தார். ஹேண்டிலை நானே சுற்றி, நானே ஏறி உட்கார்ந்து, முதல் கியரில் மெதுவாக விட்டேன். வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக் கேட்டுக்கு ஒரு மைல், பெரும்பாலும் தோட்டத்து மண் ரோடு. லொறியும் டிராக்டரும் போய்ப் போய் இரண்டு பக்கமும் தடம் குழிந்து, நடுவில் புல் முளைத்த மேடு ஒன்று வரப்பு மாதிரி ஓடும். முக்கால் மைல் போயிருப்பேன். வண்டிக்கு அடியில் கரகரவென்று ஒரு சத்தம். கல் ஏதோ என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். வண்டி முன்னால் ஒரு எம்பு எம்பி அப்படியே உட்கார்ந்தது. எஞ்சின் ஓடுகிறது, பின் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. ரிவர்சில் போட்டேன். சுற்றியது, நகரவில்லை.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். காரின் வயிறு நடு மேட்டில் படிந்திருந்தது. சக்கரங்கள் குழிந்த தடத்தில் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கின. பத்தொன்பது ரிம்முக்கும் பதினாலு ரிம்முக்கும் டயரோடு சேர்த்துப் பார்த்தால் வண்டியின் உயரத்தில் கிட்டத்தட்ட இரண்டு அங்குல வித்தியாசம். அந்த இரண்டு அங்குலத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக்காரன் சும்மாவா அந்தச் சின்ன உடம்புக்கு அவ்வளவு உயரமான சக்கரம் போட்டான்? இந்த மாதிரி ரோட்டுக்குத்தான் போட்டிருக்கிறான். நான் பசறை ஏற்றத்தை அளந்தேன், வளைவுகளை அளந்தேன், பதுளை இறக்கத்தை அளந்தேன். வீட்டு வாசலிலிருந்து கேட் வரைக்கும் உள்ள ஒரு மைலை அளக்கவில்லை. என் மனசில் அந்தக் கார் எப்போதும் கேட்டுக்கு வெளியிலிருந்துதான் புறப்பட்டது.

கையால் மேட்டைப் பறிக்கப் பார்த்தேன். நகம் உடைந்ததுதான் மிச்சம். மறுபடி ஏறி ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தேன். அழவில்லை. கோபம்தான் வந்தது. அவர் மேலும் கோபம், என் மேலும் கோபம். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. நாலு வருஷமாக இருந்த நிலைமைதான், இப்போது காரின் கண்ணாடிக்குள் உட்கார வைத்துக் காட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறேகால் இருக்கும். பெரட்டு முடிந்து கொழுந்துக்காரப் பெண்கள் அந்தப் பக்கம் மலைக்கு வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், முதுகில் கூடை, தலையில் சாக்கு. முன்னால் வந்தவள் நல்ல உயரமான, வாய்த் துடுக்கான பெண். அந்தக் கும்பலுக்கு அவள் சொன்னதுதான் சட்டம்.

"என்னாங்க கிளாக்கரம்மா, அடைகாக்கப் போட்ட கோழி மாதிரி வண்டி குந்திக்கிச்சி?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. என்ன ஏது என்று கேட்டாள். பதுளையில் இன்றைக்கு வேலைக்குச் சேர வேண்டும், ஏழரைக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டேன். நாலு வருஷத்தில் லயத்துப் பெண்களிடம் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"பதுளைக்கா? நீங்களே ஓட்டிக்கிட்டா?" என்றாள். திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். "கூடைய எறக்குங்கடி. இது என்னா, நாலு கூடைக் கொழுந்து கனம். தூக்கிப்புடுவோம்."

அங்கிருந்து முப்பது அடி தாண்டினால் கல் போட்ட ரோடு. அதில் மேடு கிடையாது, நேராகக் கேட். கூடைகளைக் கரையில் அடுக்கிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஆறு ஆறு பேராக நின்றார்கள். நான் இறங்கப் போனேன்.

"நீங்க குந்துங்க. சக்கரத்த நேரா புடிக்க ஆளு வேணுமில்ல?"

தூக்கினார்கள். கார் சத்தியமாக எழுந்தது. எனக்குக் கீழே தரை விட்டுப் போவது தெரிந்தது. மணியைப் பார்த்தேன். ஆறு இருபத்தைந்து. கொஞ்சம் பிந்தினாலும் டீச்சர் திட்டிவிட்டு விட்டுவிடுவார் என்று மனசு கணக்குப் போட்டது.

அப்போது மேலேயிருந்து குரல் கேட்டது. வீட்டுக்காரர். காற்சட்டைக்குள் சட்டையைத் திணித்துக்கொண்டே இறங்கி ஓடி வந்தார். யாரோ வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வேர்த்திருந்தது. பெண்களைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார்.

"அதுக்குத்தான் பெரிய வீலு போட்டுருந்தான்" என்றார். திட்டக்கூட இல்லை. இண்டென்டில் ஒரு பிழையைக் கண்டுபிடித்த மாதிரி சாதாரணமாகச் சொன்னார். பிறகு பெண்களிடம், "வீட்டுப் பக்கம் தள்ளுங்க. மெதுவா" என்றார்.

அந்த உயரமான பெண் அவரைப் பார்க்கவில்லை. காரைத் தூக்கிப் பிடித்த கையை விடாமல், கழுத்து நரம்பு புடைக்க, ஜன்னல் வழியாக என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா என்னா சொல்றீங்க? எந்தப் பக்கம் வைக்கிறது?"

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பாரம் அவர்கள் கையில் இருந்தது. ஐயா சொன்ன பிறகும் அவர்கள் அசையவில்லை. ஒரு கிளாக்கர் வார்த்தையைத் தட்டிவிட்டு நிற்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். அன்றைய கணக்கில் பேர் விழாமல் போகலாம், ஒரு நாள் சம்பளம் போகலாம். நான் "முன்னுக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கொண்டுபோய் வைத்திருப்பார்கள். வண்டியே வேண்டாம், கதவைத் திறந்து இறங்கி, பார்சலை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்திருந்தால் ஏழு மணி பஸ்ஸாவது கிடைத்திருக்கும். பிந்திப் போய் டீச்சர் காலில் விழுந்திருக்கலாம். இப்போது உட்கார்ந்து எழுதுகிறபோது இத்தனை வழி தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓரமாக நின்ற அவருடைய முகம் மட்டும்தான். நாலு பேருக்கு முன்னால் பெண்டாட்டி தன் பேச்சைத் தட்டிவிடுவாளோ என்று அந்த முகம் பயந்து போயிருந்தது. அவ்வளவு பயத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"ஐயா சொன்ன பக்கமே வைங்க" என்றேன்.

அவள் என் முகத்திலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு பேரும் காரை மேட்டிலிருந்து தூக்கி, தடத்துக்கு வெளியே ஒரு சக்கரமும் மேட்டின் மேல் ஒரு சக்கரமுமாக வைத்து, பின்னோக்கித் தள்ள ஆரம்பித்தார்கள். அப்படிப் போனால் வயிறு தட்டாது. முன்பே நான் யோசித்திருந்தால் அந்த முக்கால் மைலையும் அப்படியே ஓட்டியிருக்கலாம். ரோடு குறுகல், ஒரு பக்கம் மழைத்தண்ணீர் ஓடுகிற கான், மறுபக்கம் சரிவு. ஸ்டியரிங் கொஞ்சம் தவறினாலும் கார் கவிழும். அவர் பின்னால் நடந்துகொண்டு, "இடது... இடது... நேரா... இப்ப வலது" என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் தலையைத் திருப்பிப் பின் கண்ணாடியைப் பார்த்து, அவர் சொன்ன பக்கமெல்லாம் ஒடித்தேன். அப்பா சொல்லிக் கொடுத்ததில் ரிவர்ஸ்தான் எனக்கு நன்றாக வரும். முக்கால் மைலும், ஏற்றத்தில், வீட்டு வாசல் வரைக்கும் ஒரு சக்கரம்கூடக் கானில் இறங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.